ஆலைக்காரன் இருந்த தண்ணீர் விரதம்

சர்க்கரை தண்ணீரில் கரையும். கரைந்ததை வடித்துவிட்டால் போய்விடும். ஆகவே உடம்பில் சர்க்கரை ஏறிய மனிதன் சோற்றை நிறுத்திவிட்டுத் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால், மேலே ஊற்ற ஊற்றக் கீழே சர்க்கரை கரைந்து வெளியேறி, கடைசியில் உள்ளே வெறும் மனிதன் மட்டும் மிஞ்சுவான். இதை நான் உண்மையாகவே நம்பினேன். கள் குடித்துவிட்டு நம்பவில்லை. காலையில் பல் விளக்கி, முகம் கழுவி, தெளிந்த புத்தியோடு நம்பினேன்.

என்னை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நான் மலையாள எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே கரும்பு விவசாயம் செய்து, சொந்தமாக ஆலை வைத்து ஆட்டுகிறவன். எருது பூட்டி இழுக்கிற இரும்பு ஆலை, பக்கத்தில் கொட்டாய், அதற்குள் அடுப்பு, அடுப்பின் மேல் நாலு பேர் கை கோத்து நின்றால்தான் சுற்றி வளைக்க முடிகிற கொப்பரை. கரும்புப் பால் அதில் கொதித்துப் பாகாகி, பாகு இறுகி வெல்லமாகும். எங்கள் பக்கத்தில் அந்த வெல்லத்துக்கே சர்க்கரை என்றுதான் பெயர். கொப்பரையின் அடியில் பாகு பிடித்துக்கொண்டால் நாங்கள் அதைச் சுரண்டுவதில்லை. தண்ணீரை ஊற்றி விட்டுவிடுவோம். விடிந்து பார்த்தால் கொப்பரை கண்ணாடி மாதிரி இருக்கும். சர்க்கரையை வெளியேற்ற என் வாழ்நாளில் நான் கண்ட வழி இது ஒன்றுதான். கொப்பரைக்கு ஆகிறது எனக்கு ஆகாதா? உருவத்திலும் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்போது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. நான் வண்டியில் ஏறினால் வண்டிக்காரர், “பண்ணாடி, கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க, மாடு மேல தூக்குது” என்பார். ஆலை ஓடும் மாதங்களில் என் காலை ஆகாரம் சூடு ஆறாத பாகும் தேங்காய்ச் சில்லும். பதம் பார்க்கிறேன் என்று ஒரு கை. பதம் சரியாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் இன்னொரு கை. ஆலை வைத்திருப்பவன் பாகை வாயில் போட்டுப் பார்க்காமல் இறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வழக்கத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை.

முதலில் எனக்குச் சேதி சொன்னவை எறும்புகள். அந்த எறும்புகளுக்கு நான் இன்றைக்கும் நன்றியுள்ளவன். ஆனால் அன்றைக்குச் சேதியை வாங்கி என்னிடம் கொடுத்தவள் என் மனைவி.

“ஏனுங்க, பொடக்காலில வேலியோரமா ஏதாச்சும் சிந்துனீங்களா? எறும்பு சாரை சாரையாப் போகுது.”

“நான் என்னத்தைச் சிந்தறேன்? நெல்லு கில்லு கெடக்கும்.”

“நெல்லுக்கு வர்ற எறும்பு இல்லீங்க. இது சக்கரைக்கு வர்ற எறும்பு.”

வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் நான் எதற்குப் போகிறேன் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொஞ்ச காலமாக அடிக்கடி போகிறேன் என்பதும் தெரியும். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டேன். போகிற வழியில் இரண்டு இடத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

எறும்போடு நின்றிருந்தால் சிரித்தே தள்ளியிருப்பேன். காலில் ஒரு புண். கரும்பு வெட்டிய கட்டை ஒன்று சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. இது மாதிரி எத்தனையோ ஏறியிருக்கிறது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்தால் அடுத்த சந்தைக்குள் ஆறிவிடும். இது ஆறவில்லை. சந்தைகள் வந்து வந்து போயின, புண் போகவில்லை.

என் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அதே தாகம், அதே எறும்பு, விரலில் அதே மாதிரி ஒரு புண். விரல் போயிற்று, பாதம் போயிற்று. கடைசியில் களத்து மேட்டில் கட்டில் போட்டு உட்காரவைத்தார்கள். வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, “தண்ணி கடைமடைக்குப் போய்ச் சேந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தன் வயலுக்குப் போகிற தண்ணீரைத் தானே போய்ப் பார்க்க முடியாமல், கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தார். எனக்குச் சாவுகூட அவ்வளவு பயமில்லை. அந்தக் கட்டில்தான் பயம்.

எங்களுக்கு மேற்கே இருக்கிற சித்தூர்ப் பக்கம், பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு மலையாளத்து டாக்டர் வீட்டோடு வைத்தியசாலை வைத்திருந்தார். என் மைத்துனனை, அதாவது மனைவியின் தம்பியை, மாடு பார்க்கப் போகலாம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். டாக்டர் புண்ணைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பிறகு ஒரு கண்ணாடிக் குப்பியைக் கையில் கொடுத்துத் தோட்டத்துப் பக்கம் அனுப்பினார். நான் கொண்டுவந்து கொடுத்ததில் சில சொட்டை ஒரு நீல மருந்தில் விட்டு, விளக்கில் காட்டிக் காய்ச்சினார். கொதிப்பதைப் பார்ப்பதே என் தொழில் அல்லவா, கிட்டே போய் நின்றுகொண்டேன். நீலம் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

“நல்ல பதமுங்க,” என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. “எடோ சர்க்கரை முதலாளி, இது தமாஷ் இல்லா,” என்றார். அவருடைய தமிழில் பாதி மலையாளம் இருக்கும். “இவிடெ ரெண்டு மூணு நாள் படுக்கணும். வெள்ளமும் சர்க்கரையில்லாத சாயாவும் மட்டும் தரும். நான் பக்கத்தில இருந்து பார்க்கும். சர்க்கரை எறங்கினா, கொஞ்சம் கொஞ்சமா ஆகாரம். பட்டினி கெடக்கறது எளுப்பம். திரும்பத் தின்னறதுதான் வைத்தியம். மனசிலாயோ?”

மனசிலாகவில்லை. அவர் சொன்னதில் வெள்ளம், அதாவது தண்ணீர், என்ற ஒரு சொல் மட்டும் உள்ளே போய் இறங்கி, நேரே என் கொப்பரை சாஸ்திரத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. மீதியைக் காது வாங்கவில்லை. ஏனென்றால் என் கண் அப்போது பக்கத்து அறைக்குள் போயிருந்தது. அங்கே இரண்டு கட்டில்கள். ஒன்று காலி. இன்னொன்றில் ஒருவர் படுத்திருந்தார். கட்டிலுக்கு நாலு கால் இருந்தது. அவருக்கு ஒன்றுதான் இருந்தது.

“ஊட்டுல ஒரு வார்த்தை சொல்லீட்டு வந்தர்றனுங்க,” என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, புண்காலோடு நான் வண்டிக்கு வந்த வேகத்தில் எங்கள் மாடுகளே திடுக்கிட்டு எழுந்து நின்றன.

வழியில் மைத்துனனிடம் சொன்னேன். “மாப்பிள்ளை, இது உன்ற அக்காளுக்குத் தெரியக்கூடாது.”

“செரிங்க மாமா.”

“சத்தியம் பண்ணு.”

“எது மேலீங்க?”

“எம்மேல பண்ணு.”

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “இப்ப நீங்க இருக்கற நெலமைக்கு அதைத் தாங்குவீங்களா மாமா?”

தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு இருப்பது என்று முடிவாகிவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் நான் ஒருவேளை சாப்பிடாமல் இருந்தால் ஊரே வந்து என்ன என்று கேட்கும். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். மார்கழியில் ஆலை பூட்டி முதல் கொப்பரை இறக்கிய அன்று, பிள்ளையாருக்குச் சர்க்கரை படைத்த கையோடு, கூடியிருந்த எல்லோர் முன்னிலும் சத்தமாகச் சொன்னேன்: “தைப்பூசத்துக்குப் பழனிக்குச் சக்கரைக் காவடி எடுக்கறேன். காவடி எடுக்கற வரைக்கும் பச்சத்தண்ணி மட்டுந்தான்.”

காவடியின் இரண்டு பக்கமும் சர்க்கரை நிறைத்துத் தோளில் சுமந்து பழனி மலையேறுவது எங்களுக்குப் புதிதல்ல. அதற்கு முன்னால் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருப்பதும் புதிதல்ல. பச்சைத் தண்ணீர்தான் புதிது. கொட்டாயில் எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். எருதுகள்கூட ஒரு சுற்று நின்றுவிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது.

என் மனைவி மட்டும், “பச்சத்தண்ணி மட்டுமுங்களா?” என்றாள்.

“ஆமா.”

“செரிங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். முப்பது வருஷமாக நான் ஒன்று சொல்லி அவள் ஒரே வார்த்தையில் சரி என்றது அதுவே முதல் தடவை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் பசியைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. பசித்தது, அவ்வளவுதான். அடுப்புப் புகையில் இட்லி வாசனை, மாட்டுத் தொட்டியில் பருத்திக்கொட்டை வாசனை, பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் வடை வாசனை. பருத்திக்கொட்டையைப் பார்த்து நாக்கில் ஊறிய அன்று நான் கொஞ்சம் அழுதேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு பசி திடீரென்று எங்கோ போய்விட்டது. தலை லேசாக, உடம்பு லேசாக, மனசு என்னவோ மலையேறினது மாதிரி ஆயிற்று. தண்ணீரில் மட்டும் லேசாக உப்புக் கரித்தது. விரதத்தால் நாக்கு சுத்தமாகி, கிணற்றின் உண்மையான ருசி தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கரைவதை அளந்து பார்க்க வேண்டுமே. ஆலைக் கொட்டாய் விட்டத்தில் சர்க்கரைச் சிப்பம் நிறுக்கிற பெரிய தராசு தொங்கிற்று. ஆட்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஒரு தட்டில் நான் ஏறி உட்காருவேன். மறுதட்டில் மைத்துனன் சிப்பங்களை அடுக்குவான்.

“மாமா, ஆடாம உக்காருங்க. சிப்பம் சரியுது.”

“எறக்குடா மாப்பிள்ளை, ஒண்ணு எறக்கு! போன தடவைக்கு இப்பப் பாரு, நான் மேல போறேன்!”

“மேல போறீங்கறது தெரியுதுங்க மாமா. அதுதான் பயமா இருக்குது.”

நான் சர்க்கரையால் நிறுக்கப்பட்டு, சர்க்கரையை விட இளைத்துக்கொண்டு வந்தேன். வேட்டி நிற்கவில்லை. கழுத்தில் எலும்பு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. எறும்புகளும் வேலியோரம் வருவதை விட்டுவிட்டன. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். காலைப் பார்க்கும்போது மட்டும் அப்படி நினைக்க முடியவில்லை. புண் அப்படியே இருந்தது. ஒரு நாள் ஓரம் கொஞ்சம் கறுத்த மாதிரி இருந்தது. அன்று முழுக்கக் காலை வெயிலில் காட்டாமல், நிழலில் காட்டாமல், நானும் பார்க்காமல் துணி சுற்றி வைத்திருந்தேன்.

இதற்குள் ஊர் எனக்கு வேறு வேலை கொடுத்திருந்தது. பச்சைத் தண்ணீரில் இருக்கிற மனிதன் சும்மா மனிதன் இல்லை என்று தீர்மானமாகி, விடியும்போதே வாசலில் திருநீறு வாங்க ஆள் நிற்க ஆரம்பித்தார்கள். என் சீட்டாட்டத் தோழர்கள், என்னிடம் திட்டு வாங்கிய பங்காளிகள், எல்லோரும் குனிந்து நின்றார்கள். ஒருவர் சினைமாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று ஓடி வந்தார். எனக்கு நிற்கவே தெம்பில்லை. ஒரு சிட்டிகை திருநீற்றைக் காற்றில் ஊதிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாழாய்ப்போன மாடு, அவர் வீடு திரும்புவதற்குள் கிடாரிக் கன்று போட்டுவிட்டது. மறுநாள் வாசலில் கூட்டம் இரண்டு மடங்காயிற்று.

இத்தோடு போதும், விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியதும் அந்த நாட்களில்தான். எழுந்தால் கண் இருட்டிற்று. நெஞ்சு கோழிக்குஞ்சு மாதிரி படபடத்தது. ஒரு வாய் மோர் குடித்தால் தேவலை. ஆனால் எப்படிக் குடிப்பது? பழனியாண்டவர் பேரைச் சொல்லி ஊர் நடுவில் சொன்ன சொல். எங்கள் பக்கத்தில் காவடி நேர்ந்துகொண்டு முறித்தவனுக்கு என்னென்ன ஆகும் என்பதை விளக்கமாகச் சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதில் எல்லாரும் முதலில் சொல்வது கால் விளங்காமல் போகும் என்பது. சமாளிப்பதற்காக ஆண்டவரைச் சாட்சிக்கு இழுத்தேன். அவர் இப்போது வழக்குத் தொடுத்தவராகவே வந்து நின்றுவிட்டார். தின்றாலும் கால் போகும், தின்னாவிட்டாலும் கால் போகும். பெரியப்பாவின் கட்டில் களத்துமேட்டில் எனக்காகக் காத்திருப்பது போல இருந்தது.

ஒரு நாள் காலை கொப்பரை பொங்கி வருகிற நேரம். நான் கொட்டாயில் நின்று, வாயில் போடாமல், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாகின் வாசனை மூக்கில் ஏறிற்று. கொட்டாய் ஒரு சுற்றுச் சுற்றிற்று. முன்பக்கமாகச் சாய்ந்தேன். எனக்கு முன்பக்கம் இருந்தது கொதிக்கிற கொப்பரை.

அடுப்பில் சக்கை தள்ளிக்கொண்டிருந்தவர் எட்டி என் வேட்டியைப் பிடித்தார். வேட்டி கையோடு வந்துவிட்டது. நான் இளைத்த இளைப்புக்கு அது வேறென்ன செய்யும்? மறுகையில் அரைஞாண் கயிறு அகப்பட்டது. அது நின்றது. அதைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளினார். இத்தனை பெரிய உலகத்தில் அன்று என்னைத் தாங்கிய கயிறு அது ஒன்றுதான். அந்தக் கயிற்றை நான் இன்னும் மாற்றவில்லை. அவருக்கு அந்த வருஷம் தைப் பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த வேட்டி என் வேட்டியை விட நல்ல வேட்டி.

கண் திறந்தபோது வீட்டில் கட்டிலில் கிடந்தேன். என் மனைவி கால்மாட்டில் உட்கார்ந்து, துணியை அவிழ்த்துப் புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதை எப்பக் காட்டலாம்னு இருந்தீங்க?”

“எதை?”

“சித்தூருக்கு மாடு பாக்கப் போன அன்னிக்குச் சாயங்காலமே என்ற தம்பி எல்லாத்தையும் சொல்லீட்டானுங்க.”

மைத்துனன் வாசற்படியில் நின்றுகொண்டு கூரையில் எதையோ தேடினான்.

“அப்ப ஏன் என்னைச் சும்மா உட்டே?” என்றேன்.

“நீங்களா உட்ருவீங்கன்னு பாத்தனுங்க. கோயிலுக்குப் போற வழியிலேயே பசி தாங்காம தேங்காய ஒடைச்சுத் தின்ன ஆளு. ஒருநாள் இருப்பீங்க, ரெண்டு நாள் இருப்பீங்கன்னு பாத்தா, ரோசக்காரராட்டக் கெடந்துட்டீங்க.” அவள் புண்ணின் மேல் துணியைத் திரும்பச் சுற்றினாள். “அதுக்குத்தான் தண்ணியில உப்புப் போட்டு வெச்சேன்.”

“உப்பா? அது கெணத்து ருசின்னு...”

“உழவு மாட்டுக்கே தண்ணியில உப்புப் போட்டுத்தானுங்க வெக்கறோம். உங்களுக்கு வெக்க மாட்டனா?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் தெம்பு இல்லை. ஆனாலும் பிடிவாதம் போகவில்லை. நேர்ந்ததை முறிக்க மாட்டேன், முறித்தால் கால் போய்விடும் என்று குழந்தை மாதிரி அழுதேன். அவள் என்னோடு வாதம் செய்யவில்லை.

“செரிங்க. சாமிகிட்டயே பூக் கேக்கலாம்,” என்றாள்.

பூக் கேட்பது எங்கள் கோயில்களில் கடைசித் தீர்ப்பு. வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, இரண்டையும் தனித்தனியே இலையில் மடித்து, நூல் சுற்றி, வெளியே தெரியாமல் சாமி காலடியில் உருட்டி விடுவார்கள். எதில் எது என்று தெரியாமல் ஒருவர் ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ அதுதான் உத்தரவு. வெள்ளை வந்தால் விரதம் தொடர வேண்டும், சிவப்பு வந்தால் விட்டுவிடலாம் என்று பேசி வைத்தோம். பாறைக் கரட்டு மேல் இருக்கிற முருகன் கோயிலுக்கு என்னை வண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். பின்னால் பாதி ஊர். பூ மடித்தது என் மனைவி.

பூசை செய்கிற பண்டாரம் இரண்டு பொட்டலத்தையும் உருட்டி விட்டார். மைத்துனனை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் தைப்பூசம் வரை நான் இருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவன் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். பண்டாரம் நூலைப் பிரித்து, இலையை விரித்து, உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். சிவப்பு.

“ஆண்டவன் போதும்னுட்டான் சாமி!” என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். கூட்டம் முழுக்கக் கற்பூரத் தட்டின் பக்கம் திரும்பிற்று. நான் எழுந்து போகத் தெம்பில்லாமல் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எடுக்காத பொட்டலம் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஆலைக்காரனுக்குக் கை சும்மா இருக்காது. பிரித்தேன்.

அதுவும் சிவப்பு.

மறுபடி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். தீர்ப்பில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

வீட்டுக்குப் போய் இட்லி தின்னலாம் என்று நான் இருந்தேன். மைத்துனன் விடவில்லை. “திரும்பத் தின்னறதுதான் வைத்தியம்னு டாக்டர் சொன்னாருங்க மாமா,” என்றான். எனக்குக் கேட்காதது அவனுக்குக் கேட்டிருக்கிறது. நீர் விட்டுக் கரைத்த மோர் ஒரு வாய் கொடுத்து, வண்டியை நேரே சித்தூர் வழியில் திருப்பினார்கள். அந்த ஒரு வாய் மோரின் ருசியை எழுத எனக்குத் தமிழ் போதாது.

வண்டியில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்துவிட்டாள். முகம் மாறவில்லை.

“வெள்ளைப் பூ இன்னிக்குச் செடியில இல்லீங்க,” என்றாள். “இருக்கறதைத்தானே கட்டோணும்?”

டாக்டர் என்னைப் பார்த்ததும் மலையாளத்தில் கொஞ்ச நேரம் பேசினார். எனக்குப் புரிந்தவரை அதில் என் பெயர் இல்லை, கழுதையின் பெயர் இருந்தது. பிறகு பழையபடி குப்பி, நீல மருந்து, விளக்கு. கொதித்தது. நீலம் நீலமாகவே நின்றது.

“நீலமுங்க! பாத்தீங்களா, கரைஞ்சு போச்சு!” என்று கட்டிலிலிருந்தே கத்தினேன்.

“அடுப்பில ஒண்ணும் வெக்காத்த வீட்டில பாத்திரம் சுத்தமாத்தான் இருக்கும்,” என்றார் அவர். “சோறு வெச்ச பின்னே காட்டு, அப்பப் பார்க்கலாம்.” புண்ணை ஒரு குச்சியால் தொட்டுக் காட்டினார். “இது ஆறணுமெங்கில் புது மாம்சம் வளரணும். வெறும் வெள்ளத்தில மாம்சம் வளருமோ? இன்னும் கொஞ்சம் நாள் கழிச்சு வந்திருந்தா...” என்று குச்சியைக் கணுக்காலுக்குக் கொண்டுபோய்க் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

காலிக் கட்டிலில் படுத்தேன். பக்கத்துக் கட்டிலில் அதே ஒற்றைக்கால் மனிதர். வெகு கலகலப்பானவர். என்னை அன்று ஓடவைத்த அந்தக் காலைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். பனையேறும்போது மேலேயிருந்து விழுந்துவிட்டாராம். சர்க்கரைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவரை முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் பருத்திக்கொட்டையைப் பார்த்து அழ வேண்டி வந்திருக்காது.

டாக்டர் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஊசி மருந்து வரவழைத்தார். சின்னப் புட்டியில் தண்ணீர் மாதிரியே இருந்தது. கொஞ்ச காலம் அதைத் தினமும் குத்தினார். ஆகாரத்தைக் கைப்பிடி கைப்பிடியாகக் கூட்டினார். என் மனைவி கீரையும் கொள்ளு ரசமும் மோரும் அவர் சொன்ன அளவில் கொண்டுவருவாள். அளவுக்கு மேல் ஒரு கரண்டி கேட்டால், “பூக் கேக்கட்டுமா?” என்பாள். மைத்துனன் என்னைத் தாங்கிக்கொண்டு தள்ளாடி நடக்கப் பழக்கினான். ஒரு டாக்டர், ஒரு மனைவி, ஒரு மைத்துனன், ஒரு கயிறு, அதைப் பிடித்த ஒரு கை. இத்தனை பேர் சேர்ந்து ஒரு முட்டாளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு தகுதி உண்டா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்ற பயம்தான்.

அந்தத் தைப்பூசத்துக்கு என் சர்க்கரைக் காவடியை மைத்துனன் எடுத்துப் போனான். அடுத்த வருஷமும் அவன்தான் எடுத்தான். அந்த முறை நான் கூடவே நடந்தேன். காவடிக் கூட்டத்தில் செருப்புப் போட்டு நடந்தவன் நான் ஒருவன்தான், டாக்டர் உத்தரவு. ஆலையில் பாகை விரலில் உருட்டித்தான் பதம் பார்க்கிறேன், வாயில் போடுவதில்லை.

புண் ஆற மழைக்காலம் வரை ஆயிற்று. சுண்டுவிரல் நகம் மட்டும் திரும்ப முளைக்கவில்லை. சர்க்கரை போகவில்லை, குப்பியில் சில நாள் நீலம், சில நாள் பச்சை. கால் இருக்கிறது. இன்று காலை கடைமடை வரை நடந்து போய்ப் பார்த்தேன். தண்ணீர் போய்ச் சேர்ந்திருந்தது.